மனை விற்பனை அணிக்குத் தொடர் பயிற்சி: ஒரு கேள்வி நோட்டிலிருந்து தொடங்குங்கள்

கோயமுத்தூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "அன்னூர் ரோட்டில் மனைப்பிரிவு போட்டு விற்கிறோம். விற்பனையில் ஏழு பேர். போன வருடம் வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து ஹோட்டலில் இரண்டு நாள் வகுப்பு வைத்தோம். ஒரு மாதம் பசங்க துடிப்பாக இருந்தார்கள். அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. திரும்பவும் அதே செலவு செய்ய யோசனையாக இருக்கிறது. தொடர் பயிற்சி என்றால் எப்படிக் கொடுப்பது?"

நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அவிநாசி ரோட்டில் பைக்கில் அலைந்து மனை காட்டியதில் ஆரம்பித்து, டீம் லீடராக இருந்து, இப்போது திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் விற்பனை அணிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பசங்க மேல் தப்பில்லை. வகுப்பு எடுத்தவர் மேலும் தப்பில்லை. கேட்டதை மறப்பது மனுசருக்கு இயல்பு. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே இதை அளந்து எழுதி வைத்திருக்கிறார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்தவர் அவர். மறதியில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நடந்துவிடுகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தது அதிகமாக நிற்கிறது என்று கண்டார். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு வருடத்துத் தண்ணீரை இரண்டே நாளில் பாய்ச்ச யாரும் நினைப்பதில்லை, சொட்டுநீர் போடுகிறோம். பயிற்சியும் அப்படித்தான். வாரத்தில் நான்கு நாள், காலை ஒன்பதரைக்கு அரை மணி நேரம். சனி ஞாயிறு சைட் விசிட் இருக்கும், அன்றைக்கு வேண்டாம். இந்தக் கணக்கில் இரண்டே மாதத்தில் பதினாறு மணி நேரம் வந்துவிடுகிறது. ஹோட்டலில் செலவழித்த நேரம்தான் இதுவும்.

சரி, அந்த அரை மணி நேரத்தில் எதைச் சொல்லிக்கொடுப்பது? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எனக்கே இது ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்றுதான் உறைத்தது.

பதினைந்து வருடம் முன்பு, சூலூர் தாண்டி ஒரு சைட். என் டீமில் தென்மாவட்டத்துப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். இருபத்து நான்கு வயது, நன்றாகப் பேசுவான். பேச வேண்டியதை நானே எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். அன்றைக்கு ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. எழுபது வயதுப் பெரியவர், மகன், மருமகள், இரண்டு குழந்தைகள். பையன் மகனையும் மருமகளையும் பார்த்துத் தார் ரோடு, தெருவிளக்கு, பார்க் என்று சொல்லிக்கொண்டே போனான். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசி வரிசை மனை வரைக்கும் தனியாக நடந்தார். குனிந்து ஒரு கை மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார். திரும்பி வந்து, "ஏந்தம்பி, அந்தப் பள்ளத்துல தண்ணி வந்தா எது வரைக்கும் ஏறுமுங்க?" என்று கேட்டார்.

நம் பக்கத்தில் பள்ளம் என்றால் ஓடை. சங்கனூர் பள்ளம் என்று கோயமுத்தூருக்குள்ளேயே ஒன்று ஓடுகிறது. அந்தப் பையனுக்குப் பள்ளம் என்றால் குழி. "அதெல்லாம் மண்ணடிச்சு மூடிருவோம் சார், கவலையே படாதீங்க" என்றான். பெரியவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. "சரிங்க தம்பி, யோசிச்சுச் சொல்றோம்" என்று வண்டி ஏறிவிட்டார். அவர்கள் திரும்பி வரவே இல்லை. அந்த ஊரிலிருந்து ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்திருந்த இரண்டு பேரும் அதே வாரம் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஓடையை மூடி மனை போடுகிறவர்கள் என்று ஊருக்குள் பேச்சுப் போயிருந்தது. நிலத்தைச் சொல்லிக்கொடுக்காமல் வாயை மட்டும் பழக்கி அவனை அனுப்பியது நான். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் போகவில்லை.

அன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டு வாங்கினேன். வாடிக்கையாளர் கேட்டு நம் ஆளுக்குப் பதில் தெரியாமல் போன ஒவ்வொரு கேள்வியும் அந்த நோட்டில் ஏற வேண்டும். கேட்டவரிடம் "தெரியலைங்க, விசாரிச்சுச் சாயங்காலத்துக்குள்ள சொல்றேனுங்க" என்று சொல்லிவிட வேண்டும், சொன்னபடி கூப்பிடவும் வேண்டும். மறுநாள் காலை வகுப்புக்கு அந்தக் கேள்விதான் பாடம். தொடர் பயிற்சி என்று இன்றைக்கும் நான் எங்கே போனாலும் முதலில் வைப்பது இந்த நோட்டைத்தான். பாடத்திட்டத்தை வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை, வாடிக்கையாளரே தினமும் எழுதிக் கொடுக்கிறார்.

நம் ஊரில் அந்த நோட்டில் முதலில் நிரம்புவது தண்ணீர்க் கேள்விகள். "அத்திக்கடவுத் தண்ணி வருதுங்களா?" என்று ஒருவர் கேட்டால், பசங்க செய்தியில் பார்த்த அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்தை நினைத்துக்கொண்டு "வந்துருச்சுங்க, 2024-லேயே திறந்தாச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைத்த அந்தத் திட்டம் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்கானது. கேட்டவர் கேட்டதோ பில்லூர் அணையை ஆதாரமாகக் கொண்டு வரும் குடிநீரை. புறநகர் கிராமங்களில் அதற்கும் அத்திக்கடவுத் தண்ணி என்றுதான் பெயர். குளம் நிறைந்தால் போர்வெல் ஊறும், நல்லதுதான். ஆனால் வீட்டுக் குழாயில் குடிநீர் வருமா என்பது வேறு விஷயம். ஒரே பெயரில் இரண்டு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாத பையன் கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறான், அவனுக்கே அது பொய் என்று தெரியாது. உங்கள் சைட்டுக்கு எந்தத் தண்ணீர், எத்தனை நாளைக்கு ஒரு தடவை, பக்கத்துத் தோட்டத்து போர் எத்தனை அடி என்று ஏழு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதே மாதிரி தூரம். "ஏர்போர்ட் பதினைந்து நிமிசம்" என்று நோட்டீஸில் போட்டிருப்போம். காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொருவரும் தானே ஓட்டிப் பார்த்து நேரத்தை எழுதச் சொல்லுங்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்த பிறகு அவிநாசி ரோட்டில் பழைய கணக்கெல்லாம் மாறிவிட்டது. பயிற்சி ஏன் தொடர்ந்து நடக்க வேண்டும் என்பதற்கு இதுவே ஒரு காரணம். நாம் விற்கும் ஊர் மாறிக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது பத்திரம். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. மாதத்தில் நான்கு காலைகளாவது இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் சைட்டின் ஒரே ஒரு சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பட்டா, புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி வரைபடம் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து மேஜையில் பரப்புங்கள். ஒருவரை அழைத்து, "இந்த நிலம் யார் யார் கை மாறி நம்மிடம் வந்தது, சொல்லு" என்று கேளுங்கள். முதல் தடவை பெரும்பாலும் திணறுவார்கள். மூன்றாவது மாதத்தில் கதை மாதிரி சொல்வார்கள்.

நம் பக்கத்து நிலம் பெரும்பாலும் பூர்வீகச் சொத்து, பாகப்பிரிவினை ஆனது. அதனால், "பொண்ணுங்க கையெழுத்துப் போட்டிருக்காங்களா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இந்துக் குடும்பத்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் சட்டப்படி உண்டு. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆன மகள்களுக்கு அந்தச் சட்டம் பங்கு தரவில்லை. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் பங்கை விரித்தது. விற்பனைப் பையன் வக்கீல் ஆக வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கேள்வி ஏன் வருகிறது, நம் பத்திரத்தில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று காகிதத்தைக் காட்டிச் சொல்லத் தெரிய வேண்டும்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை போட்டது. அதற்குப் பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன்பு விற்ற மனைகள் உள்ள பிரிவுகளுக்கு வரன்முறைத் திட்டம், அதாவது அங்கீகாரம் இல்லாமல் போட்ட மனையைப் பிறகு முறைப்படுத்தும் திட்டம், வந்தது. 'வரன்முறை செய்த மனை' வேறு, 'முதலிலேயே டிடிசிபி அங்கீகாரம் வாங்கிய மனைப்பிரிவு' வேறு. இந்த வித்தியாசத்தை உங்கள் ஏழு பேரில் எத்தனை பேர் தடுமாறாமல் சொல்கிறார்கள் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள். ரெராவிலும், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்திலும், அப்படித்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்யாமல் மொத்த விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. விளம்பரத்தில் தவறான தகவலைக் கொடுத்து அதை நம்பி ஒருவர் பணம் கட்டினால் நஷ்டஈடு நாம் தர வேண்டும். இந்த மூன்றும் தெரியாத ஒருவரை வாடிக்கையாளர் முன்னால் நிறுத்தவே கூடாது என்பது என் கருத்து.

கணக்கும் பழக வேண்டும். நம்மிடம் வருகிறவர்கள் சென்ட்டில்தான் யோசிப்பார்கள், கிரவுண்டு என்ற அளவு சென்னைக்காரர்களுக்கு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நாற்பதுக்கு அறுபது மனை என்றால் 2,400 சதுர அடி, ஐந்தரை சென்ட். முப்பதுக்கு நாற்பது என்றால் இரண்டே முக்கால். இதை மனதிலேயே சொல்ல வேண்டும். பத்திரச் செலவும் அதே மாதிரி. 2023-ல் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆனது. முத்திரைத் தீர்வையும் சேர்த்தால் மொத்தம் 9 சதவீதம். முப்பது லட்சத்துக்குக் கிரயம் செய்தால் 2,70,000 ரூபாய். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிற பையனிடம் கடைசி நேரத்தில் யாரும் முகம் சுளிப்பதில்லை. 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சத்துக்குள் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சின்ன மனை பார்க்க வருகிற குடும்பத்துக்கு இது பத்தாயிரம் ரூபாய் வரை மிச்சம்.

நிலமும் பத்திரமும் கைவந்த பிறகுதான் பேச்சு. மூன்று பேரை உட்கார வையுங்கள். ஒருவர் வாடிக்கையாளர், ஒருவர் நம் ஆள், மூன்றாமவர் வாய் திறக்காமல் எழுத மட்டும் வேண்டும். மூன்று நிமிடம் போன் பேசுவது மாதிரி பேசட்டும்.

"ஏனுங்க, பேஸ்புக்ல பார்த்தேன். சென்ட் என்ன விலைங்க?"

"சார், நேர்ல வாங்க, சைட்டைப் பார்த்துட்டு விலை பேசிக்கலாம்."

இந்தப் பதில் எந்த ஊர் வகுப்பில் கற்றுக்கொடுத்ததோ தெரியவில்லை, எல்லா டீமிலும் இருக்கிறது. விலையை மறைக்கிறவர்களிடம் நம் பக்கத்து ஆட்கள் இரண்டாவது தடவை பேச மாட்டார்கள். இங்கே நிறுத்தி, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: விலையை உடனே சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"சென்ட் ஆறு லட்சமுங்க. வீடு கட்டறதுக்குங்களா, இல்லை போட்டு வைக்கறதுக்குங்களா?"

அதே மூன்று நிமிடத்தை இன்னொரு தடவை பேசச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது தடவையில்தான் பயிற்சியே இருக்கிறது. முதல் தடவை பேசியதோடு கைதட்டி முடித்துவிட்டால் அது நாடகம். ஒரு நாளைக்கு ஒரு திருத்தத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து குறையைச் சொன்னால் ஐந்தும் நிற்காது, பையனும் சுருங்கிப்போவான்.

வீடு கட்ட வருகிறவருக்கும் போட்டு வைக்க வருகிறவருக்கும் காட்ட வேண்டியதே வேறு. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ரோட்டு முகப்பையும் பத்து வருடம் கழித்து என்ன விலை போகும் என்பதையும் பார்ப்பார். சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் தம்பதி பள்ளிக்கூடம், லோன், பாதுகாப்பு பற்றிக் கேட்பார்கள். இருவருடனும் வருகிற அப்பாரு, அதாவது வீட்டுப் பெரியவர், மண்ணையும் தண்ணீரையும் பார்ப்பார். குடும்பத்தில் யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் முடிவு எடுக்கிறார்கள் என்று கவனிப்பதும் பழக வேண்டிய வேலை. ஞாயிறு சைட் விசிட் முடிந்து வந்ததும், "வந்தவர்களில் யார் கடைசியாகக் காரில் ஏறினார்கள், ஏறும்போது எதைத் திரும்பிப் பார்த்தார்கள்?" என்று நான் கேட்பேன். முதலில் ஒருவருக்கும் பதில் இருக்காது. ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தால் தானாகக் கவனிக்க ஆரம்பிப்பார்கள்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரம் போன் கொடுக்காதீர்கள். சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு கிரயம் முழுதாக நடப்பதைப் பார்க்கட்டும், சைட்டில் சர்வேயரோடு கல் நடும் இடத்தில் நிற்கட்டும். அடுத்த மூன்று வாரம் சீனியரோடு கூடவே போகட்டும்.

சீனியர்கள் வேறு சிக்கல். அதிகமாக விற்கிறவர் காலை வகுப்புக்கு வர மாட்டார், "எனக்கென்னங்க தெரியாதது" என்பார். அவரைக் கட்டாயப்படுத்தாமல், வாரத்தில் ஒரு நாள் வகுப்பை அவரிடமே கொடுங்கள். சொல்லிக்கொடுக்கத் தயாராகும்போது அவரே கூர்மையாவார். வெளிப் புரோக்கர்களையும் மாதம் ஒரு நாள் அழையுங்கள். ரெராவில் பதிவு செய்யாத தரகர் பதிவான திட்டத்தில் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. மகாராஷ்டிராவில் 2023-ல் தரகர்கள் பயிற்சி முடித்துத் தேர்வெழுதிச் சான்று வாங்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். இங்கே அப்படி வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆடி மாதம் வந்தால் புக்கிங் குறையும், ஆடிப்பெருக்கன்று மட்டும் சிலர் வருவார்கள். அந்த மாதத்தை வீணாக்காதீர்கள். இரண்டு வருடம் முன்பு வாங்கியவர்கள் வீட்டுக்கு ஆளுக்கு ஐந்து குடும்பம் என்று அனுப்புங்கள். எதையும் விற்கக் கூடாது. "அன்னைக்கு நாங்க என்ன சொன்னோமுங்க, இப்ப எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்க வேண்டும். நான் போன ஒரு வீட்டில் அந்த அம்மா காபி கொடுத்துவிட்டு, மழைக்காலத்தில் தெருமுனையில் தண்ணீர் தேங்கும் இடத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அடுத்த சைட்டில் வடிகாலுக்கு முதலிலேயே பணம் ஒதுக்கினோம். அந்தக் குடும்பம் அதற்கப்புறம் மூன்று பேரை அனுப்பியது.

பலனை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். விசாரிப்பு எத்தனை, அதில் சைட் விசிட் எத்தனை, புக்கிங் எத்தனை, கிரயம் எத்தனை என்று ஆள்வாரியாக எழுதி வையுங்கள். எந்த இடத்தில் ஆட்கள் உதிர்கிறார்களோ அதுதான் அவருக்கு அடுத்த மாதப் பாடம். விசிட் வராவிட்டால் போன் பேச்சில் கோளாறு. புக்கிங் ஆகி கேன்சல் ஆனால் எங்கேயோ மிகைப்படுத்திச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள், வாராவாரம் பார்த்துப் பதறாதீர்கள். இன்சென்டிவை முழுதும் புக்கிங் அன்றே கொடுக்காமல் பாதியைக் கிரயம் முடிந்ததும் கொடுங்கள். காலையில் உண்மை சொல்லப் பழக்கிவிட்டு, சாயங்காலம் எப்படியாவது டோக்கன் வாங்கியவனுக்கு மட்டும் காசு கொடுத்தால் பசங்க எதைக் கற்றுக்கொள்வார்கள்?

நீங்களும் அந்த அரை மணி நேரம் உட்கார வேண்டும். முதலாளி வராத வகுப்பு மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுவதை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்து போன் பார்க்காமல், வாடிக்கையாளர் வேடம் நீங்கள் போடுங்கள், கறாராகப் பேரம் பேசுங்கள்.

வரும் திங்கட்கிழமையே ஆரம்பிக்கலாம். கடைசியாக சைட்டுக்கு வந்து வாங்காமல் போன பத்துக் குடும்பத்தின் பெயரைப் போர்டில் எழுதுங்கள். அவர்கள் கேட்டு, சரியான பதில் கிடைக்காமல் போன கேள்வி ஒன்றை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். ஞாபகம் இல்லை என்கிறவர் அந்தக் குடும்பத்துக்கே போன் செய்து கேட்கட்டும். அந்த ஏழு கேள்வியையும் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், செவ்வாய் காலை முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.